பெயர் சரியாக அச்சாகாத இசைத்தட்டு

உறையில் இருப்பவரின் முகம் முழுதாகத் தெரியாது. தொப்பி, கறுப்புக் கண்ணாடி, தோளில் விழும் கறுத்த முடி. ஒரு கண்ணாடி உருண்டைக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். பாடகரின் பெயர் 'ரோட்ரிகெஸ்', அவ்வளவுதான். தட்டின் பெயர் 'கோல்ட் ஃபேக்ட்'. பாட்டுகளை எழுதியது யார் என்று பொடி எழுத்தில் தேடிப் படித்தால் குழப்பம் கூடும். சிலவற்றுக்கு 'ஜீசஸ் ரோட்ரிகெஸ்', சிலவற்றுக்கு 'சிக்ஸ்த் பிரின்ஸ்'. அடுத்த வருடம் வந்த இரண்டாவது தட்டில் இன்னொரு பெயர், 'சிக்ஸ்டோ ரோட்ரிகெஸ்'. பாடுகிறவர் ஒருவரா, மூவரா? அவரைப் பற்றி வெளியுலகத்துக்குக் கிடைத்த தகவல் ஏறக்குறைய இவ்வளவுதான். இந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தென்னாப்பிரிக்காவில் ஒரு தலைமுறையே கால் நூற்றாண்டு பேசித் தீர்த்தது.

அந்தத் தட்டு பிறந்தது அமெரிக்காவின் டெட்ராய்ட்டில். கார் கம்பெனிகளின் ஊர். மெக்சிகோவிலிருந்து பிழைப்பு தேடி வந்த குடும்பத்தின் ஆறாவது பிள்ளை ரோட்ரிகெஸ். ஆறாவது என்பதால் சிக்ஸ்டோ. 1942 ஜூலை 10 அன்று பிறந்தவர். 1967இல் ஹாரி பால்க் என்பவரின் 'இம்பாக்ட்' கம்பெனி அவருடைய சிங்கிள் ஒன்றை வெளியிட்டது. அதில் பெயரை 'ராட் ரிகெஸ்' என்று வெட்டி அச்சிட்டார்கள். மெக்சிகோக்காரர் என்று தெரியாமல் இருப்பது வியாபாரத்துக்கு நல்லது என்று நினைத்திருக்கலாம். ஆக, பெயர்த் தொல்லை அப்போதே ஆரம்பித்துவிட்டது. ஹாரி பால்க்கை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 47 வருடம் கழித்து ஒரு வழக்கோடு திரும்பி வருவார்.

அறுபதுகளின் கடைசியில் டெட்ராய்ட் ஆற்றங்கரைப் பக்கம் சாக்கடை என்றே பெயர் வைத்திருந்த ஒரு மதுக்கடையில் ரோட்ரிகெஸ் பாடிக்கொண்டிருந்தார். பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துப் பாடுவாராம். டென்னிஸ் காஃபி, மைக் தியோடர் என்ற இரண்டு இசைத் தயாரிப்பாளர்கள் அங்கே போய் அவரைக் கேட்டார்கள். புகை மண்டிய அறையில் முகம் தெரியாமல் குரலை மட்டும் கேட்டதாக இருவரும் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

1969இல் டெட்ராய்ட்டின் டெரா ஷிர்மா ஸ்டூடியோவில் பதிவு. இந்தப் பதிவைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தட்டின் தனிச்சுவை அதில்தான் இருக்கிறது. பொதுவாகத் தாள வாத்தியங்கள், பேஸ் கிதார் எல்லாம் முதலில் பதிவாகும். அதன்மேல் பாடகர் பாடுவார். ரோட்ரிகெஸுக்கு மற்ற வாத்தியக்காரர்களோடு உட்கார்ந்து வாசிப்பது ஒத்துவரவில்லை. அதனால் அவரைத் தனியாக உட்காரவைத்து, குரலையும் கிதாரையும் மட்டும் முதலில் எடுத்துக்கொண்டார்கள். பிறகுதான் டிரம்ஸ், பேஸ், வயலின்கள், குழல்கள். டிரம்ஸ் வாசித்த ஆண்ட்ரூ ஸ்மித்தும் பேஸ் வாசித்த பாப் பேபிட்டும் மோடவுன் கம்பெனியின் புகழ்பெற்ற வாத்தியக் குழுவைச் சேர்ந்தவர்கள். அப்பேர்ப்பட்டவர்கள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சில இடத்தில் இழுத்தும் சில இடத்தில் முந்தியும் தன்போக்கில் போகும் ஒரு மனிதரின் பின்னால் நடந்திருக்கிறார்கள். 'ஐ வொண்டர்' பாட்டின் பேஸ் வரியை அப்படிக் கேட்டுப் பாருங்கள். வழியில் பேச்சுத் துணைக்கு வருகிற ஆள் மாதிரி கூடவே வரும்.

மொத்தம் 12 பாட்டு, அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். போதைப்பொருள் விற்பவனை நோக்கிப் பாடும் 'ஷுகர் மேன்'. நகராட்சி, மாஃபியா, துப்பாக்கி விற்பனை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திட்டித் தீர்க்கும் 'எஸ்டாப்ளிஷ்மென்ட் ப்ளூஸ்'. குழந்தைகள் கூட்டாகப் பாடும் 'கொமோரா'. பாப் டிலன் பரம்பரைதான், சந்தேகமில்லை. ஆனால் டிலனிடம் இருக்கும் எகத்தாளம் இவரிடம் இல்லை. வேலை முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் சொல்கிற மாதிரி சொல்கிறார். எழுதிய பாட்டுக்கும் பாடுகிற தொனிக்கும் நடுவே இருக்கும் அந்த அமைதிதான் என்னை இந்தத் தட்டுக்குத் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறது.

1970 மார்ச்சில் தட்டு வெளியானது. வெளியிட்டது கிளாரன்ஸ் அவான்ட் என்பவர் புதிதாகத் தொடங்கிய 'சஸ்ஸெக்ஸ்' நிறுவனம். அவான்ட் கறுப்பின இசை வணிகத்தில் பெரிய கை. பின்னால் பாடகர் பில் விதர்ஸை உலகத்துக்குக் கொண்டுவந்ததும் இதே நிறுவனம்தான். ஆனால் 'கோல்ட் ஃபேக்ட்' போணியாகவில்லை. எத்தனை விற்றது என்று வெகுநாள் கழித்து அவான்டிடம் கேட்டபோது, விரல்விட்டு எண்ணிவிடலாம் என்கிற மாதிரி கிண்டலடித்தார். 1971இல் இன்னொரு முயற்சி: லண்டனில் ஸ்டீவ் ரோலண்ட் தயாரிப்பில் 'கமிங் ஃப்ரம் ரியாலிட்டி'. அதுவும் ஓடவில்லை. அந்தத் தட்டின் கடைசிப் பாட்டான 'காஸ்', கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் முன்னால் வேலை போன ஒருவனைப் பற்றித் தொடங்கும். பாட்டு பதிவான பிறகு, கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, நிறுவனம் ரோட்ரிகெஸை விலக்கியது. ரசிகர்கள் கூடினால் இந்தப் பொருத்தத்தைப் பற்றிப் பேசாமல் கலைவதில்லை.

1975இல் சஸ்ஸெக்ஸே மூடப்பட்டது. பாடகர் கட்டட வேலைக்குப் போனார். இடிப்பது, சுமப்பது, சுத்தம் செய்வது. 1976இல் அரசு ஏலத்தில் 50 டாலருக்கு ஒரு பழைய வீடு வாங்கினார். 1981இல் வேன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் பட்டம் பெற்றார். உள்ளூர்த் தேர்தல்களில் நின்று தோற்றார். பாடகரின் கதை இப்படி ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்க, தட்டு தன் பாட்டுக்குக் கப்பல் ஏறிவிட்டிருந்தது.

எப்படி ஏறியது? தென்னாப்பிரிக்கர்கள் விரும்பிச் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஒரு அமெரிக்கப் பெண் காதலனைப் பார்க்க வந்தபோது ஒரு பிரதியைக் கொண்டுவந்தாள், நண்பர்கள் நகல் எடுத்தார்கள், அப்படியே பரவியது என்பார்கள். அழகான கதைதான். ஆனால் தட்டுகள் பெரும்பாலும் காதலர்களின் பெட்டியில் பயணம் செய்வதில்லை. ஒப்பந்தக் காகிதத்தில்தான் பயணம் செய்கின்றன. 1971இல் 'ஏ அண்ட் எம்' லேபிளில் 'கோல்ட் ஃபேக்ட்' தென்னாப்பிரிக்காவில் முறைப்படி வெளியானது. அமெரிக்காவில் விலைபோகாத பாட்டுகளைக்கூட வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மொத்தமாக உரிமம் கொடுப்பது அந்தத் தொழிலில் வாடிக்கை. உரிமம் வாங்கியவர் ஒரு டேப்பையும் அட்டைப் படத்தையும் வாங்கிக்கொண்டு, தன் ஊரிலேயே தட்டு போட்டுக்கொள்வார். விற்ற கணக்கு சங்கிலி மாதிரி கைமாறி அமெரிக்காவுக்குப் போக வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் போதும், தட்டு மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும்.

தென்னாப்பிரிக்காவுக்குப் போவதற்கு முன் ஆஸ்திரேலியா பக்கம் ஒரு நடை போய்வர வேண்டும். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான் சொல்கிறார்கள். எழுபதுகளில் சிட்னியின் 2எஸ்எம் வானொலியில் ஹோல்கர் பிராக்மன் என்ற அறிவிப்பாளர் 'ஷுகர் மேன்' பாட்டை ஒலிபரப்பினார். கேட்டவர்கள் கடைகடையாகத் தட்டைத் தேடினார்கள். இறக்குமதியான பிரதிகள் தீர்ந்துபோக, 'ப்ளூ கூஸ் மியூசிக்' என்ற உள்ளூர் நிறுவனம் உரிமையை வாங்கி வெளியிட்டது. 1977இல் 'அட் ஹிஸ் பெஸ்ட்' என்று ஒரு தொகுப்பும் போட்டது. அங்கிருந்தவர்கள் ஆளையும் தேடிப் பிடித்துவிட்டார்கள். 1979இல் ரோட்ரிகெஸ் ஆஸ்திரேலியா போய்ப் பாடினார். மதுக்கடையைத் தாண்டாதவர் பெரிய அரங்குகளில் பாடினார். 1981இல் 'மிட்நைட் ஆயில்' குழுவோடு மறுபடியும் ஒரு சுற்று. அந்த ஊரில் பதிவான கச்சேரியைத் தட்டாகப் போட்டு 'அலைவ்' என்று பெயர் வைத்தார்கள். செத்துவிட்டார் என்ற வதந்தி அப்போதே உலவியதால் வைத்த பெயர். ஆக, 1981 வாக்கிலேயே இந்துமாக் கடலின் ஒரு கரையில் அவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்குத் தட்டு வடிவத்தில் சான்று இருந்தது. மறுகரையில் அவருக்குக் கருமாதியே முடிந்திருந்தது.

மறுகரையில் இருந்தது இனவெறி அரசின் தென்னாப்பிரிக்கா. தொலைக்காட்சியே 1976இல்தான் வந்தது. வெளிநாட்டுக் கலைஞர்கள் புறக்கணிப்பு காரணமாக வருவதில்லை. வெளியே என்ன நடக்கிறது என்பது வடிகட்டித்தான் உள்ளே வரும். அரசு வானொலியான எஸ்ஏபிசியின் ஆவணக் காப்பகத்தில் 'கோல்ட் ஃபேக்ட்' பிரதி ஒன்று இருந்தது. 'ஷுகர் மேன்' ஒலிபரப்பத் தகாதது என்று முடிவு செய்தவர்கள், அந்தப் பாட்டு இருக்கும் பகுதியில் கூரான ஆயுதத்தால் குறுக்கே கீறி வைத்திருந்தார்கள். தப்பித் தவறிக்கூட யாரும் போட்டுவிடக் கூடாது, போட்டால் ஊசி துள்ளி ஓட வேண்டும். தடை உத்தரவு எத்தனையோ பார்த்திருக்கிறோம். உத்தரவைத் தட்டின் மேலேயே எழுதியவர்கள் இவர்கள்தான்.

கேட்டவர்கள் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலும் வெள்ளைக்கார இளைஞர்கள். பள்ளி முடித்ததும் கட்டாய ராணுவ சேவை அவர்களுக்குக் காத்திருந்தது. 1977க்குப் பிறகு அது இரண்டு வருடம். முகாம்களில் இந்தத் தட்டு கேசட்டாக மாறிக் கைமாறியது. பாட்டுக் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்து டிடிகே கேசட்டில் பதிவு பண்ணி வாங்கிய தலைமுறைக்கு அந்தக் கேசட்டுகளின் சத்தம் எப்படி இருந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டாம். நகலுக்கு நகல், அதற்கும் நகல். ஒவ்வொரு கைக்கும் இரைச்சல் ஒரு படி ஏறும். அட்டையும் இல்லாமல் போக, பாடகரின் பெயர்கூடப் பேனாவில் யாரோ கிறுக்கியதுதான். 'ஐ வொண்டர்' பாட்டு காதலியின் படுக்கையறைக் கணக்கைக் கூச்சமில்லாமல் விசாரிக்கும்; தேவாலயக் கட்டுப்பாடு மிகுந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது ஒன்றே போதுமானதாக இருந்தது. அதிகாரத்தை எதிர்த்துப் பேசலாம் என்பதே இந்தத் தட்டைக் கேட்டுத்தான் தெரிந்தது என்று பலர் பின்னாளில் சொன்னார்கள். 1989இல் 'ஃபொயல்ஃப்ரை' என்ற பெயரில் அரசை நக்கலடித்து ஊர் ஊராகப் பாடிப்போன ஆஃப்ரிக்கான்ஸ் பாடகர் கூட்டத்திலும் ரோட்ரிகெஸைக் கேட்டு வளர்ந்தவர்கள் இருந்தார்கள்.

இதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் இந்தத் தட்டுதான் இனவெறி அரசை அசைத்தது என்கிற அளவுக்குப் போகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1976இல் சொவெட்டோவில் துப்பாக்கிக்கு முன்னால் நின்ற மாணவர்கள் கையில் 'கோல்ட் ஃபேக்ட்' இல்லை. அவர்களுக்கு அவர்களுடைய பாட்டுகள் இருந்தன. இந்தத் தட்டு செய்தது வேறு காரியம். சுகமாக இருந்த வீடுகளின் பிள்ளைகளுக்கு, தங்கள் சுகத்தைப் பற்றி முதல் தடவையாக ஒரு நெருடலைக் கொடுத்தது. அது சின்னக் காரியம் இல்லை.

பேச்சுக்கு வருவோம். பாடகரைப் பற்றித் தகவல் இல்லாத இடத்தில் ரசிகர்களின் பேச்சு எப்படி வளரும் என்பதற்கு இது நல்ல பாடம். மேடையிலேயே தன்மேல் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்திக்கொண்டார் என்றது ஒரு கூட்டம். கடைசிப் பாட்டைப் பாடி முடித்துத் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டார் என்றது இன்னொன்று. சிறையில் போதை மருந்து அதிகமாகி இறந்தார் என்றது மூன்றாவது. எல்லாக் கதையிலும் ஆள் செத்தே ஆக வேண்டும் என்பது பொது. பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ் அளவுக்குப் பெரியவர் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். அவ்வளவு பெரியவர் மூன்றாவது தட்டு போடவில்லை என்றால் வேறென்ன காரணம் இருக்க முடியும்? அமெரிக்காவில் அவரை யாருக்கும் தெரியாது என்ற எளிய விடை ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த விடை முதலில் உறைத்தது ஸ்டீபன் செகர்மனுக்கு. நகை வியாபாரக் குடும்பத்துக்காரர். ராணுவத்தில் இருந்தபோது அவர் பெயரை ஒழுங்காக உச்சரிக்கத் தெரியாதவர்கள் 'ஷுகர்மேன்' ஆக்கிவிட்டார்கள், 'ஷுகர்' என்றே நிலைத்துவிட்டது. தொண்ணூறுகளில், அமெரிக்காவில் குடியேறிய தோழி ஒருத்தி ஊருக்கு வந்தபோது, இந்தத் தட்டு இங்கே எங்கே கிடைக்கும், அங்கே எங்குமே இல்லையே என்று கேட்டிருக்கிறாள். செகர்மனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அமெரிக்கப் பாடகரின் தட்டு அமெரிக்காவில் இல்லையா? 1996இல் இரண்டாவது தட்டைத் தென்னாப்பிரிக்காவில் சிடியாக வெளியிட்டபோது, உள்ளே வைக்கும் குறிப்பை எழுதும் வேலை அவருக்கு வந்தது. பாடகரைப் பற்றி எழுத எதுவும் இல்லாததால், துப்பறியும் இசை ஆர்வலர் யாராவது இருக்கிறார்களா என்று அதிலேயே கேட்டு வைத்தார்.

அதைப் படித்தவர் கிரெய்க் பார்த்தலோமியூ ஸ்ட்ரைடம் என்ற பத்திரிகையாளர். கேள்வி தன்னைப் பார்த்துக் கேட்ட மாதிரி எடுத்துக்கொண்டார். முதலில் பணம் போன தடத்தைப் பிடித்துப் போனார். ராயல்டி எந்தக் கைக்குப் போகிறது என்று தெரிந்தால் ஆளைப் பிடித்துவிடலாம் என்பது கணக்கு. அந்தத் தடம் நிறுவனத்துக்கு நிறுவனம் தாவி, சஸ்ஸெக்ஸ் இருந்த இடத்தில் அற்றுப்போனது. பிறகு பாட்டுகளைத் துருவினார். லண்டன் வருகிறது, ஆம்ஸ்டர்டாம் வருகிறது. இரண்டிலும் ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் 'இன்னர் சிட்டி ப்ளூஸ்' பாட்டில் போகிறபோக்கில் வந்துபோகும் ஓர் ஊர்ப் பெயர் காதில் தட்டியது: டியர்பார்ன். அட்லஸைப் புரட்டினார். டெட்ராய்ட்டை ஒட்டிய ஊர். அங்கிருந்து மைக் தியோடரின் தொலைபேசி எண் வரைக்கும் போவது பெரிய பாடாக இல்லை. பாடகர் எப்படிச் செத்தார் என்று கேட்கத்தான் ஸ்ட்ரைடம் பேசினார். செத்தாரா, நன்றாகத்தானே இருக்கிறார் என்றார் தியோடர்.

ஆயிரம் பேர் ஆயிரம் தடவை கேட்டு, கூடவே பாடி, மனப்பாடமான பாட்டு. விடை அதற்குள்ளேயே இருபத்தைந்து வருடமாக இருந்திருக்கிறது. ரசிகர்கள் வரிகளின் உட்பொருளைப் பற்றி விடிய விடியப் பேசினார்கள். ஊர்ப் பெயரை யாரும் வரைபடத்தில் பார்க்கவில்லை.

இதெல்லாம் நடந்தது 1997இல். அதே வருடம் செகர்மன் இணையத்தில் பால் அட்டைப்பெட்டியில் காணாமல்போனவர் படம் அச்சிடும் பாணியில் ரோட்ரிகெஸின் படத்தைப் போட்டுத் தேடல் பக்கம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். நீங்கள் தேடுவது என் அப்பாவை என்று அமெரிக்காவிலிருந்து மகள் எழுதினார். அப்புறம் ஓர் இரவில் செகர்மன் வீட்டுத் தொலைபேசி அடித்தது. எடுத்தவருக்கு அறிமுகம் தேவைப்படவில்லை. அந்தக் குரலை எந்தத் தூக்கத்திலும் அவரால் அடையாளம் சொல்ல முடியும்.

1998 மார்ச் 6. கேப் டவுனை அடுத்த பெல்வில்லில் சைக்கிள் பந்தய அரங்கு. தென்னாப்பிரிக்காவில் ஆறு கச்சேரிகள் ஏற்பாடாகியிருந்தன. அதில் இது முதலாவது. விமான நிலையத்தில் நின்ற நீளமான கார்களைப் பார்த்து, வேறு யாரோ பெரிய மனிதருக்காக என்று நினைத்து ரோட்ரிகெஸ் குடும்பம் ஒதுங்கி நடந்ததாம். ஆயிரக்கணக்கில் சனம் வந்திருந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் பாதி நம்பிக்கையோடுதான் வந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். செத்தவர் வருகிறார் என்றால், யாரையோ ஒப்பனை போட்டுக் கூட்டிவருகிறார்கள் என்றுதானே தோன்றும்? 'பிக் ஸ்கை' என்ற உள்ளூர்க் குழு பின்னணி வாசித்தது. 'ஐ வொண்டர்' பாட்டின் பேஸ் வரி ஆரம்பித்தது, ஆரம்பித்தது, அப்படியே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. கூச்சல் அடங்காததால் பாடகரால் வாயைத் திறக்க முடியவில்லை. அவர் நின்றுகொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். மதுக்கடையில் முதுகைக் காட்டிப் பாடியவர், இந்தத் தடவை முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். அப்பா அங்கே போனபோது பதற்றமே இல்லாமல், வந்துசேர வேண்டிய இடத்துக்கு வந்தவர் மாதிரி இருந்தார் என்பது மகளின் சாட்சியம். அந்தப் பயணத்தில் கிடைத்த பணத்தில் பெரும்பகுதியைக் குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் கொடுத்துவிட்டு, டெட்ராய்ட்டில் மறுபடியும் இடிப்பு வேலைக்குப் போனார்.

தட்டு சும்மா இருக்கவில்லை. 2002இல் டேவிட் ஹோம்ஸ் என்ற டிஜே தன் தொகுப்பு ஒன்றில் 'ஷுகர் மேன்' பாட்டைச் சேர்த்தார். அதன் வழியாகச் சியாட்டிலின் 'லைட் இன் தி அட்டிக்' நிறுவனத்தாரின் காதுக்கு எட்டி, 2008இல் 'கோல்ட் ஃபேக்ட்' அமெரிக்காவில் மறுபதிப்பு கண்டது. பிறந்த ஊருக்குத் திரும்பி வர 38 வருடம். 2012இல் ஸ்வீடன்காரரான மாலிக் பென்ஜலூல் எடுத்த 'சர்ச்சிங் ஃபார் ஷுகர் மேன்' ஆவணப்படம் வந்தது. 2013 பிப்ரவரியில் ஆஸ்கர் வாங்கியது. படம் முடியும் தறுவாயில் கையில் காசில்லாமல், செல்போன் செயலி ஒன்றை வைத்துச் சில காட்சிகளை எடுத்ததாக பென்ஜலூல் சொன்னார். ரோட்ரிகெஸ் ஆஸ்கர் விழாவுக்குப் போகவில்லை.

நல்ல படம். கண்ணில் நீர் வரவைக்கும். ஆனால் ஆஸ்திரேலியாவை ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் விட்டது எனக்கு உறுத்துகிறது. உலகமே மறந்த மனிதரைக் கேப் டவுன்காரர்கள் மீட்டார்கள் என்ற கதையில் 1979உம் 1981உம் இடைஞ்சல், அதனால் வெட்டிவிட்டார்கள். கதைக்கு அந்த வெட்டு தேவையே இல்லை. உயிரோடு, அடுத்த கண்டத்தில், அரங்கு நிறையப் பாடிக்கொண்டிருந்த ஒருவரைச் செத்தவராக நினைக்கும் அளவுக்கு ஒரு நாடு கதவடைத்துக்கொண்டு கிடந்தது என்பது அதைவிட வலுவான கதை அல்லவா?

படம் கேட்ட ஒரு கேள்வி நீதிமன்றம் வரைக்கும் போனது: விற்ற காசு எங்கே? படத்தில் அந்தக் கேள்விக்கு அவான்ட் எரிச்சலோடு பதில் சொல்லும் காட்சி வெகுநேரம் மனதில் நிற்கும். படத்தின் பாட்டுத் தொகுப்பை வெளியிட்டபோது, இந்த விற்பனையிலிருந்து ரோட்ரிகெஸுக்கு ராயல்டி போகிறது என்று தனியாக அச்சடிக்க வேண்டிய நிலைமை. 2014இல் ஹாரி பால்க்கின் 'கோம்பா மியூசிக்' நிறுவனம் அவான்ட் மேல் வழக்குப் போட்டது. 1966இலேயே ரோட்ரிகெஸ் எழுதும் பாட்டுகளுக்கெல்லாம் எங்களோடு ஒப்பந்தம் இருந்தது. அதை மறைக்கத்தான் தட்டில் வேறு பெயர்களைப் போட்டீர்கள் என்பது வாதம். ஜீசஸ் யார், சிக்ஸ்த் பிரின்ஸ் யார் என்று முகாம்களிலும் மாணவர் விடுதிகளிலும் கஞ்சாப் புகைக்கு நடுவே நடந்த ஆராய்ச்சி, வக்கீல்கள் மனுவாகத் தாக்கல் செய்யும் விஷயமானது. பையன்கள் அதற்குத் தத்துவ விளக்கங்கள் வைத்திருந்தார்கள். வக்கீல்கள் வைத்திருந்த விளக்கம் காசு.

பணம் வராவிட்டாலும் சனம் வந்தது. 2013இல் மட்டும் கோச்செல்லா, கிளாஸ்டன்பரி, நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மியூசிக் ஹால் என்று சுற்றினார். தென்னாப்பிரிக்காவும் ஆஸ்திரேலியாவும் மறுபடியும் வந்தன. வயது எழுபதைத் தாண்டியிருந்தது. க்ளாக்கோமாவால் பார்வை மங்கியிருந்தது. இரண்டு பக்கமும் கைகொடுத்து மேடைக்கு நடத்திவருவார்கள். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, தோல் உடுப்பு. கச்சேரி எப்படி இருந்தது என்று போய்வந்தவர்களைக் கேட்டால் இரண்டு கட்சி. பாட்டுக்குப் பாட்டு கிதாரை முறுக்கிச் சுருதி சேர்த்துக்கொண்டே இருந்தார், குரல் தேய்ந்துவிட்டது, பாதி நேரம் அடுத்தவர்களின் பழைய பாட்டுகளைப் பாடினார், இதற்கா இவ்வளவு டிக்கெட் விலை என்பது ஒரு கட்சி. இன்னொரு கட்சிக்கு அவர் மேடையில் நின்றதே கச்சேரி. ஊரைவிட்டு லண்டனிலும் சிட்னியிலும் குடியேறிய தென்னாப்பிரிக்கர்கள் இரண்டாவது கட்சி. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். படம் பார்த்துவிட்டுப் புதிதாக வந்தவர்கள் பலர் முதல் கட்சி. நான் முதல் கட்சிக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன், காசு கொடுத்தவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் தனியாக வாசித்துப் பழகியவர், பின்னால் குழு வந்து சேர்ந்துகொள்ளட்டும் என்று பாடியவர் என்பதை 1969இலேயே தட்டு சொல்லிவிட்டது. ஊர் ஊராக ஒவ்வொரு வாரமும் புதுக் குழுவை அவர் முன்னால் நிறுத்தினால் வேறெப்படி இருக்கும்?

டெட்ராய்ட்டுக்கே போனவர்களும் உண்டு.  அந்த ஊர்த் தெருக்களில் ரோட்ரிகெஸ் பெரும்பாலும் நடந்தே திரிவார். காஸ் அவென்யூவில் 'ஓல்ட் மயாமி' என்ற மதுக்கடையில் எப்போதாவது தென்படுவார் என்று கேள்விப்பட்டு அங்கே போய் உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு. உள்ளூர்க்காரர்களுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்கும். முப்பது வருடமாகப் பக்கத்தில் நின்று குடித்த ஆளைப் பார்க்கக் கண்டம் விட்டுக் கண்டம் வருகிறார்களே என்று.

2023 ஆகஸ்ட் 8 அன்று ரோட்ரிகெஸ் இறந்தார், வயது 81. ஐந்து நாள் கழித்து, ஆகஸ்ட் 13 அன்று, கிளாரன்ஸ் அவான்ட் இறந்தார்.

கேப் டவுனில் 'மாபு வினைல்' என்று ஒரு பழைய இசைத்தட்டுக் கடை இருக்கிறது. செகர்மன் அதன் பங்குதாரராக இருந்தவர். படத்திலும் அந்தக் கடை வரும். படம் வந்த பிறகு மேசை மலையையும் ராபன் தீவையும் பார்க்க வருகிற சுற்றுலாக்காரர்கள் அந்தக் கடைக்கும் ஒரு நடை வந்தார்கள். வந்தவர்கள் கேட்டது பெரும்பாலும் ஒரே தட்டைத்தான். அவர்களில் அமெரிக்கர்களும் இருந்தார்கள். டெட்ராய்ட்டில் பதிவாகி, அமெரிக்காவில் வாங்க ஆளில்லாமல் கிடந்த தட்டை ஆப்பிரிக்காவின் தென்கோடியில் காசு கொடுத்து வாங்கி, பெட்டியில் உடையாமல் துணிகளுக்கு நடுவே வைத்து விமானம் ஏறினார்கள். சிலர் ரசீதையும் கேட்டு வாங்கியிருப்பார்கள்.